பானட்டுக்குள் சொன்ன பேச்சு

ரேடியேட்டர் விஷயத்தில் நான் யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன் என்று சொன்னால் எங்கள் தெருவே சிரிக்கும். கம்பெனி ரேடியேட்டருக்கு இரண்டு பக்கத் தொட்டியும் பிளாஸ்டிக். ஐந்தாறு வருஷம் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஒரு நாள் தையல் விட்ட சட்டை மாதிரி ஓரத்தில் வாயைத் திறக்கும். வெளி மார்க்கெட்டில் கிடைப்பது முழுக்க அலுமினியம். கெட்டியானது, கேட்ட அன்றைக்கே கைக்கு வரும். ஆனால் அதைச் செய்த மகராசன் அந்த வண்டியை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். ஓட்டை வேண்டிய இடத்தில் ஓட்டை இருக்காது. வேண்டாத இடத்தில் மூன்று இருக்கும். "அப்படியே உக்காரும்க்கா" என்று சொல்லித்தான் விற்பார்கள். உட்காரும், உட்காரும். நான் நாலு மணி நேரம் நின்றால் அது உட்காரும்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் தொட்டி வெடித்து என் பட்டறைக்கு வந்தது ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வெள்ளை வேன். ஓட்டி வந்தவன் என் தம்பி.

தம்பிக்குக் காது கேட்காது. நாலு வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அவனுக்கு முப்பத்து மூன்று. நான் ஆறு வயது மூத்தவள். வீட்டில் நாங்களே உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சு ஒன்று இருக்கிறது. மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வான். வெளியாட்களிடம் செல்பேசியில் எழுதிக் காட்டுவான். கைப்பேச்சில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. என்னைச் சொல்ல மூக்கு நுனியைத் தொட்டு விரலை விசுக்கென்று மேலே தூக்குவான். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவளாம். பத்து வயதில் வைத்த பெயர். மாற்றச் சொல்ல இதுவரை எனக்கு வாய் வரவில்லை, யோக்கியதையும் வரவில்லை.

எட்டு வருஷம் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். "பாவம், அவனுக்கு இது போதும்" என்று சொந்தக்காரர்கள் கூடி முடிவு கட்டியிருந்தார்கள். அவனுக்கோ வண்டிப் பைத்தியம். ஓட்டுநர் உரிமத்துக்குப் போனபோது சோதனை செய்த அதிகாரி தலையைச் சொறிந்தார். தம்பி செல்பேசியில் எழுதி நீட்டினான்: "ஹாரன் கேக்காது சார். அதனால மூணு கண்ணாடியும் பாப்பேன். வண்டிக்கு உள்ள ஏதாவது ஆனா விளக்கு எரியும். அதையும் பாப்பேன்." சொன்னபடியே பார்ப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் அவன் கண் டேஷ்போர்டு விளக்குகளைத் தடவிவிட்டுத் திரும்பும். மற்ற ஆட்கள் டேஷ்போர்டைப் பார்ப்பது சாமி கும்பிடுகிற மாதிரி, கஷ்டம் வந்தால்தான்.

பரிசோதனைக் கூடத்தின் ஆறு வேன்களும் என் பட்டறையில்தான் பழுது பார்க்கப்பட்டன. அங்கே மேலாளரிடம் தம்பிக்காகப் பேசியது நான். அவர் மேலிடத்தோடு மல்லுக்கட்டி, ஆறு மாதம் ஓட்டிக் காட்டட்டும், பிறகு நிரந்தரம் என்று வாங்கிக் கொடுத்தார். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பதினோரு சின்ன மருத்துவமனைகளில் ரத்தக் குழாய்களைக் குளிர்பெட்டியில் வாங்கிக்கொண்டு, பத்து மணிக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூடத் தாமதம் கிடையாது. இன்னும் நாலு வாரம் தாண்டினால் வேலை அவனுடையது. முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு டார்ச் வாங்கிக் கொடுத்திருந்தான். "கண்ணாடி போட வேண்டிய வயசு, இதாவது வெச்சுக்க" என்று கையால் சொல்லிவிட்டு ஓடினான், கழுதை.

தொட்டி வெடித்த செய்தியைச் சொன்னதும் மேலாளர் போனில் பதறினார்.

"அக்கா, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வண்டி வேணும். மாத்து வண்டியும் இல்ல."

"கம்பெனி ரேடியேட்டர் வர மூணு வாரம் ஆகும் சார்."

"வெளியில வாங்கிப் போட்டுருங்க. உங்க கை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

நம்பிக்கை இருக்கிறது என்று சொல்கிற மனிதரிடம் இன்னும் அரை நாள் வேண்டும் என்று கேட்க நாக்கு வராது. எனக்கு வரவில்லை.

சாயங்காலம்வரை மல்லாடினேன். அடி ரப்பர் பொருந்தவில்லை, அரம் போட்டுச் சரிசெய்தேன். கீழ்க்குழாய் வாய் ஒரு நூல் சின்னதாக இருந்தது. ரப்பர் ஹோஸ் நழுவாமல் பிடிக்க நுனியில் இருக்க வேண்டிய வரம்பும் இல்லை. ஹோஸை மாட்டி ஒன்றுக்கு இரண்டாகக் கிளிப் போட்டு இறுக்கினேன். தண்ணீர் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. எழுந்து போய் டேஷ்போர்டைப் பார்த்தால், தண்ணீர் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கிறது.

பழைய தொட்டியின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும். தண்ணீர் அதன் மூக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை பேசாமல் இருக்கும். தண்ணீர் இறங்கினால் விளக்கைப் போட்டுவிடும். புது ரேடியேட்டரில் அந்தச் சென்சாரைத் திருக ஓட்டையே இல்லை. முறையாகச் செய்வதென்றால் தொட்டியில் துளை போட்டு, மரையுள்ள ஒரு வளையத்தை வைத்து வெல்டிங் செய்து, சென்சாரை அதில் திருக வேண்டும். பக்கத்துக் கடை வெல்டர் அண்ணன் அன்றைக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. சென்சாருக்கு வருகிற பிளக்கில் இரண்டு முனை. இரண்டையும் விரல் நீள ஒயரால் இணைத்துவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கிறது என்று நம்பிக்கொள்ளும். விளக்கு அணைந்துவிடும். எந்தப் பட்டறையிலும் இதைத்தான் செய்கிறார்கள். நானும் எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறேன். செய்துவிட்டு வண்டிக்காரரிடம் ஒரு பாட்டுப் பாடுவேன். "இந்த விளக்க இனிமே நம்பாதீங்க. வாரம் ஒரு தடவை மூடியத் தொறந்து தண்ணி பாருங்க. ஃபேன் விடாம இரைஞ்சாலோ, உஸ்ஸுன்னு சத்தம் கேட்டாலோ வண்டிய நிறுத்திருங்க." வருஷக்கணக்காகப் பாடிப் பாடி, தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்.

ஒயரை இணைத்தேன். விளக்கு அணைந்தது. அடுத்த வாரம் வெல்டரிடம் கொண்டுபோய் ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். பானட்டுக்குள் தலையை விட்டு, கிளிப்பைக் கடைசியாக ஒருமுறை இறுக்கிக்கொண்டே அந்தப் பாட்டை முழுசாகப் பாடினேன். விளக்கை நம்பாதே, தண்ணியைப் பார், சத்தம் கேட்டால் நிறுத்து. ஒன்று விடவில்லை. தம்பி வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலையை வெளியே எடுத்து அவனுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவனும் பளிச்சென்று சிரித்துக் கட்டைவிரலைக் காட்டினான். சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் மூன்று வண்டி வேலை ஒன்றாக வந்து விழுந்தது. வெல்டருக்குப் பல் சரியாகிவிட்டது. எனக்கு ஞாபகம்தான் வரவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்குத் தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. பானட் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை. கீழே "அக்கா வா" என்று மட்டும் எழுதியிருந்தான்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். நெடுஞ்சாலை ஓரத்தில் வேன் நின்றது. குளிர்பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேனின் நிழல் விழுந்த பக்கத்தில் தம்பி நின்றான். வண்டிக்குள் வெக்கை ஏறுகிறது என்று பெட்டியை இறக்கியிருக்கிறான். எவ்வளவு நேரமாக அப்படி நின்றானோ. என்னைப் பார்த்ததும் முகத்தாலேயே கேட்டான், என்ன ஆச்சு என்று.

பானட்டைத் தூக்கினேன். கீழ்க்குழாயில் ஹோஸ் ஒரு விரற்கடை நழுவியிருந்தது. ஒன்பது நாளாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போயிருக்கிறது. சூட்டைக் காட்டுகிற முள்ளும் நடுவிலேயே நின்றிருக்கிறது. அதன் சென்சார் தண்ணீரில் கிடந்தால்தானே காட்டும்? வெறும் காற்றில் தொங்கினால் அதற்கு என்ன தெரியும்? இன்ஜின் வெந்து, அதன் மேல்மூடியான ஹெட் வளைந்து, எல்லாம் முடிந்திருந்தது. ஃபேன் கதறியிருக்கும். தண்ணீர் சீறியிருக்கும். கடைசி இரண்டு கிலோமீட்டர் இன்ஜின் தட்டுத்தட்டென்று அடித்திருக்கும். அவன் நிமிஷத்துக்கு ஒருமுறை விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் கேட்டால் நிறுத்து என்று யாரிடம் சொன்னேன்? முப்பது வருஷமாக ஒரே வீட்டில் வளர்ந்தவனிடம், தலையை உள்ளே விட்டுக்கொண்டு, உதட்டைக்கூடக் காட்டாமல். தெருவில் போகிற ஒரு ஆள் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். தம்பிக்குக் காது கேட்காது என்பது கூடப்பிறந்த எனக்கு மறந்துபோயிருக்கிறது. 

அது உறைத்த கையோடு நான் செய்த முதல் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். வண்டி தூக்குகிறவர்கள் வந்து சேருவதற்குள், பிளக்கிலிருந்த அந்த ஒயரைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வேறு வண்டி வந்து பெட்டியை எடுத்துப்போகப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. நாற்பத்தொரு பேருடைய ரத்தம் உபயோகமில்லாமல் போனது. நாற்பத்தொரு பேர் மறுபடி கையை நீட்டி ஊசி குத்திக்கொள்ள வேண்டும். மேலாளர் கத்துகிற ஆள் இல்லை. அன்றைக்குக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"அக்கா, மேல இருந்து கேக்கறாங்க. காது கேக்கற ஒருத்தர் ஓட்டியிருந்தா சத்தம் கேட்டு முன்னாடியே நிறுத்தியிருப்பாரேங்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

 சட்டைப்பையில் ஒயர் இருந்தது. ஆறு வேன் என் பிழைப்பு. வாயைத் திறக்காமல் நின்றேன். கோபக்காரி என்று ஊரெல்லாம் பேர், உண்மைக்கு மட்டும் ஊமை.

மறுநாள் சாயங்காலம் தம்பி மனைவி போன் செய்தாள். "அக்கா, இவரு வேன் சாவியக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டாரு. அவங்க கேக்கக்கூட இல்ல. கிடங்குல திரும்ப எடுத்துப்பாங்களான்னு ஆள விட்டுக் கேட்டிருக்காரு. நீங்க வந்து ஒரு வார்த்தை பேசுங்கக்கா."

போனேன். மூன்றாம் மாடி வீடு. தம்பி மேஜையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். எதிரில் உட்கார்ந்தேன்.  பிறகு கையால் கேட்டான்.

"அக்கா, நீ மெக்கானிக். அக்காவாச் சொல்லாத. மெக்கானிக்காச் சொல்லு. எனக்குக் காது கேட்டிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

காது போன நாள் தொட்டு அவன் தன் காதைப் பற்றி இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பள்ளியில் கேலி செய்தவன் மூக்கை உடைத்துவிட்டு வருவான். பெண் பார்க்கப் போன இடத்தில் உதட்டைப் பிதுக்கினவர்களிடம் 'உங்க பொண்ணு எப்படிப் பாடினாலும் எனக்குக் கவலையில்ல' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன். இன்றைக்கு அவன் தோள் இரண்டும் தொங்கிக் கிடந்தன.

"ஆமா," என்றேன். "தெரிஞ்சிருக்கும்."

பொய்யில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூடப் பொய் சொல்வதில்லை, சோற்றைத்தான் காட்டுகிறார்கள். தம்பி மெல்லத் தலையை ஆட்டினான். உள்ளங்கையால் மேஜையை ஒருமுறை துடைத்தான், அவ்வளவுதான் விஷயம் என்பதுபோல. எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு மாடி இறங்கினேன்.  படியிலேயே உட்கார்ந்தேன். ச்சீ, நீயும் ஒரு அக்காவா என்று வாய்விட்டே திட்டிக்கொண்டேன். மேலே ஏறி வந்த ஒரு பெரியவர் ஒதுங்கிப் போனார். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு நான் கொடுத்த பதிலை இனி அவன் சாகிறவரை தலைக்குள் வைத்துக்கொள்வான். வேலை போனால் வேறு வேலை. இது போனால் எங்கே போய் வாங்குவது?

எழுந்து மறுபடி மாடி ஏறினேன். தம்பி அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்காது. சுவரில் இருந்த விளக்குச் சுவிட்சை இரண்டு தரம் போட்டு அணைத்தேன். திரும்பினான். ஒயரை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"தண்ணி விளக்கு எரியாதபடி நான்தான் கட்டிவெச்சேன். புது ரேடியேட்டர்ல சென்சாருக்கு இடமில்ல. ஒயரால ஏமாத்திட்டேன். விளக்கு எரிஞ்சிருந்தா நீ நிறுத்தியிருப்ப. உன் தப்பு இல்லடா. துளிகூட இல்ல. நேத்தே தெரியும் எனக்கு."

நிறுத்தி நிறுத்தி, முகத்தை நேராக வைத்துச் சொன்னேன். கடைசி வாக்கியத்தில் அவன் கண் சுருங்கியது. ஒயரை எடுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டான்.

மற்ற வீடுகளில் கோபம் வந்தால் காதைப் பொத்துவார்கள், கதவைச் சாத்துவார்கள். தம்பி கண்ணை மூடினால் அவனோடு பேச உலகத்தில் வழியே கிடையாது. கெஞ்சலாம், அழலாம், ஒன்றும் போய்ச் சேராது. நான் அழுதேன். அவன் மனைவி என் தோளைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்து விட்டாள். 

காலையில் கூடம் திறந்ததும் மேலாளர் அறைக்குப் போனேன். நாற்காலியில் தம்பி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். மேஜைமேல் அந்த ஒயர். மேலாளர் அதை விரலால் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் ஏதோ எழுதிக் காட்டினாரு. உங்க வாயால கேட்டுக்கறேன்னு உக்காந்திருக்கேன்," என்றார்.

சொன்னேன். ஒன்பது நாள் கதையையும், சாலையில் ஒயரைப் பிடுங்கி ஒளித்ததையும் சேர்த்துச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு தரம் படித்தார்.

"அக்கா, உங்களத் திட்ட எனக்கு மனசு வரல. ஆனா இனிமே எங்க வண்டிங்க உங்ககிட்ட வராது. இந்த வேனை மட்டும் உங்க செலவுல முடிச்சுக் குடுத்துருங்க."

"சரிங்க சார்."

"தம்பி மறுபடி ஓட்டுவாரா?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். ஓட்டுவான் சார் என்று சொல்ல வாய் தயாராகத் திறந்தது. எத்தனை வருஷப் பழக்கம்! பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், கடையில், அவனிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் நான்தான். பல்லைக் கடித்து வாயை மூடினேன்.

"அவன்கிட்டயே கேளுங்க சார்."

மேலாளர் அவன் பக்கம் திரும்பிக் கேட்டார். தம்பி செல்பேசியில் நிதானமாக எழுதி நீட்டினான். "விளக்கெல்லாம் ஒழுங்கா எரியற வண்டியாக் குடுங்க சார். நாளைக்கே வரேன்." மேலாளர் படித்துச் சிரித்து, மேஜை இழுப்பறையிலிருந்து வேறொரு வேனின் சாவியை எடுத்துக் கொடுத்தார். தம்பி வாங்கிக்கொண்டு எழுந்தான். என்னைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனான். என் பக்கம் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மூன்று வாரம். ஞாயிறு தவறாமல் பட்டறைக்கு வந்து என் வேலையில் நொட்டை சொல்லுகிறவன் வரவில்லை. அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. ஐந்து வேன்களும் வேறு பட்டறைக்குப் போய்விட்டன. தெருவில் அவை என் வாசலைத் தாண்டிப் போகும்போது நான் குனிந்து எதையாவது தேடுவேன். இருபதாம் நாள் தம்பி மனைவி போன் செய்தாள். "அவருக்கு வேலை நிரந்தரமாயிருச்சுக்கா. உங்ககிட்டச் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்றேன்." போனை வைத்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதேனா, துக்கத்தில் அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அழுதிருப்பேன்.

இதற்கு நடுவில் அந்த வேனைப் பிரித்துப் போட்டு, ஹெட்டைக் கழற்றிச் சமன்செய்து, கேஸ்கட் மாற்றி முடித்தேன். ரேடியேட்டரை வெல்டர் அண்ணனிடம் கொண்டுபோனேன். குழாய் வாயில் ஒரு வரம்பும் தொட்டியில் மரை வளையமும் வேண்டும் என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒயர் கட்டாத, எங்கிட்டக் கொண்டா, வளையம் வெச்சுத் தரேன்னு! செவிடன் காதுல..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுங்கண்ணே. ஊதின சங்குதான். எனக்குத்தான் அது பொருந்தும்."

 அவர் வளையத்தை எறும்பு நுழைய இடமில்லாமல் பற்றவைத்துக் கொடுத்தார்.

வேனை எடுத்துப்போக மேலாளர் தம்பியையே அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை. உள்ளே வந்தான், எனக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். நேராகப் போய்ப் பானட்டைத் தூக்கினான். சென்சார் புது வளையத்தில் உட்கார்ந்திருப்பதையும், பிளக் அதில் மாட்டியிருப்பதையும் டார்ச் அடித்துப் பார்த்தான். பிளக்கைக் கழற்றி உள்ளே வேறு எதுவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மாட்டினான். எனக்குச் சுருக்கென்றது. பார்க்கட்டும், பார்க்க வேண்டியதுதான் என்று நின்றேன்.

பிறகு கையால் சொன்னான். "தண்ணிய எறக்கு."

"இப்பதான்டா நிரப்பினேன்."

"எறக்கு. விளக்கு எரியுதான்னு பாக்கணும்."

வேனுக்கு அடியில் பெரிய தட்டை வைத்து ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தேன். பச்சைத் தண்ணீர் கம்பியாக இறங்கியது. தம்பி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். நான் எழுந்து வந்து திறந்த கதவுப் பக்கம் நின்றேன். இரண்டு பேரும் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு லிட்டர் போயிருக்கும். விளக்கு எரியவில்லை.  ஒன்றரை லிட்டர். இந்த வெளி மார்க்கெட் சனியனை நம்பி மறுபடியும் தலையைக் கொடுத்துவிட்டேனோ என்று நினைக்கிறபோது, மஞ்சள் விளக்கு பட்டென்று எரிந்தது.

தம்பி மூச்சை விட்டான். நான் ஓடிப்போய் அடித்திருகை மூடிவிட்டு வந்தேன். அவன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். விளக்கிலிருந்து கண்ணை எடுத்து, மூன்று வாரத்தில் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தான்.

"ஒயர் கட்டினது போகட்டும்," என்று கைகள் சொல்லின. "எல்லாருந்தான் கட்டறாங்க. அத என்கிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா தினமும் தண்ணி பாத்திருப்பேனே. இவனுக்கு என்ன தெரியும்னு நெனச்சியா? மத்தவங்க மாதிரி நீயுமா?"

மூன்று வாரமாக அவன் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது இதுதானா? 

"சொன்னேன்டா," என்றேன். "எல்லாத்தையும் சொன்னேன். விளக்க நம்பாத, தண்ணி பாரு, சத்தம் கேட்டா நிறுத்துன்னு. பானட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுச் சொன்னேன். நீ அந்தப் பக்கம் கண்ணாடி தொடச்சிட்டிருந்த. உனக்குக் காது கேக்காதுங்கறதே அந்த நேரம் எனக்கு ஞாபகமில்லடா. மறந்துபோச்சு."

அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். மறுபடி சொல்லச் சொல்லி விரலை ஆட்டினான். மறுபடி சொன்னேன். சத்தம் கேட்டா நிறுத்து என்ற இடத்தில் அவன் முகம் கோணியது. அழப்போகிறான் என்று பயந்தேன். சிரித்தான். தோள் குலுங்க, ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு, தனக்கே கேட்காத அந்தக் கரகரச் சிரிப்பைச் சிரித்தான். நிமிர்ந்தபோது இரண்டு கன்னமும் நனைந்திருந்தன.

"ஊர்ல ஒருத்தரும் அத மறக்க மாட்டேங்கறாங்க," என்றான். "பால் கடைக்காரர்கூட என்னப் பாத்தா வாயப் பெருசாத் தொறந்து கத்தறாரு. நீ ஒருத்திதான் மறந்திருக்க."

"மன்னிச்சிருடா."

"மறந்துக்கோ. எனக்கு அது நல்லாத்தான் இருக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, மற்றக் கையால் சொன்னான். "பானட்டத் தொறக்கறப்ப மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ."

 தலையை மட்டும் ஆட்டினேன். அவன் கீழே இருந்த தண்ணீர்த் தட்டைக் காட்டினான்.

"சரி, போய் ஊத்து. நான் விளக்கப் பாக்கறேன்."